உடைந்ததா, உடைத்தேனா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பேரன் வந்திருந்தான். வயது ஏழு. நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து 'சலீர்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றான்.

"தாத்தா, கண்ணாடி டம்ளர் உடைஞ்சிருச்சு."

"எப்படிடா உடைஞ்சுது?"

"அதுவா உடைஞ்சிருச்சு. பாட்டி மேஜை ஓரத்துல வெச்சிருந்தாங்க."

உள்ளே பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏழு வயதில் இவ்வளவு அழகாக வழக்கை வேறு பெஞ்சுக்கு மாற்றத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கும் சிரிப்புதான். ஆனால் சிரித்து முடித்ததும், எனக்குப் பழக்கமான ஒரு குரலைக் கேட்ட மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தேன். அது என் குரல்தான்.

"உடைஞ்சிருச்சு இல்லடா, உடைச்சிட்டேன்னு சொல்லு" என்றேன். சொன்னான். அடி விழவில்லை என்று தெரிந்ததும் தைரியம் வந்துவிட்டது. "நீங்க எதையாச்சும் உடைச்சிருக்கீங்களா தாத்தா?" என்று கேட்டான்.

"நிறைய" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இன்று இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். பழைய நண்பர்களுக்கு இது தெரியும். பத்து வயதிருக்கும்போது வகுப்பில் என் கை பட்டு மைக்கூடு கீழே விழுந்து உடைந்தது. வெள்ளைச் சட்டை போட்ட வாத்தியார் வந்து நின்றார். நான் எழுந்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "லான்க்ரியே ஸே காஸே, மெஸ்யே" என்றேன். மைக்கூடு உடைந்துவிட்டது ஐயா என்று அர்த்தம். கூடவே, "ஸே பா மா ஃபோத்" என்றும் சேர்த்துக்கொண்டேன். என் தப்பு இல்லை.

வாத்தியார் கோபிக்கவில்லை. இலக்கணம் பிழையில்லை என்றார். ஆனால் வாக்கியத்தில் ஆளைக் காணோமே என்றார். "ழே காஸே லான்க்ரியே", அதாவது மைக்கூட்டை நான் உடைத்தேன் என்று இருபது முறை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதினேன். இருபது முறை எழுதியும் அப்போது மண்டையில் ஏறவில்லை.

தமிழில் இது இன்னும் நுட்பம். உடைந்தது, உடைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். 'ந்' போட்டால் ஆள் தப்பித்துக்கொள்கிறான். 'த்' போட்டால் மாட்டிக்கொள்கிறான். பிரிந்தது, பிரித்தது, சேர்ந்தது, சேர்த்தது. பால் கெட்டுவிட்டது, பஸ் போய்விட்டது, பணம் செலவாகிவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு நாம் இப்படி எத்தனை முறை பேசுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நானும் எண்ணினேன். மதியத்துக்குள் விட்டுவிட்டேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. அங்கே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். எங்கள் தெருவில் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் கொடுக்கவில்லை. என் அப்பா கொடுக்கவில்லை. அவர் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அவர் மகனும் நானும் ஒரே பெஞ்சு. அவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தான். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். அவனுக்குப் பென்ஷன் பிராங்கில் வந்தது, பிறகு யூரோவில் வந்தது. மாடி வீடு கட்டினான். நானோ ப்ரெவே முடித்து, அது இந்தப் பக்கம் செல்லுபடியாகாமல், தனியாக எஸ்.எஸ்.எல்.சி எழுதி, போத்தனூரில் ரயில்வேயில் வேலை பார்த்த மாமா வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டு, 1972இல் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர் ஆனேன்.

அன்றிலிருந்து என் வாயில் ஒரே பாட்டு. "அப்பா அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா..." சம்பளம் போதாவிட்டால் அந்தக் கையெழுத்து. மழையில் கூரை ஒழுகினால் அந்தக் கையெழுத்து. மனைவியோடு சண்டை வந்தால்கூட எப்படியோ சுற்றி வளைத்து 1962இல் கொண்டுபோய் நிறுத்துவேன். அவளும் எவ்வளவுதான் கேட்பாள்? ஒரு தரம், "உங்கப்பா போடாத கையெழுத்தை நீங்க தினமும் போடறீங்க" என்றாள். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. கோபம்தான் வந்தது.

அலுவலகத்தில் பதவி உயர்வுக்குத் துறைத் தேர்வுகள் தேற வேண்டும். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் ராத்திரி உட்கார்ந்து படித்து, அக்கவுண்ட் டெஸ்டில் தேறி மேலே போனார்கள். நான் இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் தேறவில்லை. மூன்றாம் தடவை விண்ணப்பமே போடவில்லை. கேட்டவர்களிடம், "எனக்கு பிரெஞ்சு மீடியம் சார். இங்கிலீஷில் இந்த விதிகளை எல்லாம் படிக்கறதுன்னா கஷ்டம்" என்பேன். அவர்களும் உச்சுக் கொட்டுவார்கள். அந்த உச்சுக் கொட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தேர்வில் தேறியிருந்தால்கூட அவ்வளவு சுகம் கிடைத்திருக்காது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கூடம் உண்மையிலேயே கொஞ்சம் கோணல்தான். பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தேர்வு எழுதுவது சுலபமில்லை. ஆனால் பத்து வருடத்தில் ஆங்கிலம் கற்றுக்கொள்ள முடியாத அளவுக்குக் கோணல் இல்லை.

இதுவரை சொன்னதில் நட்டம் எனக்கு மட்டும்தான். அதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

1986ஆம் வருடம். நான் பென்ஷன் கோப்புகள் பார்க்கும் பிரிவில் இருந்தேன். மதுக்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டுக்காரர் கடைநிலை ஊழியராக இருந்து, பணியில் இருக்கும்போதே இறந்துபோனவர். குடும்ப ஓய்வூதியம் வரவேண்டும். வாரிசுச் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பணிப்பதிவேட்டில் ஓர் இடத்தில் கையெழுத்து இல்லை. அவர் முன்பு வேலை பார்த்த வேறோர் அலுவலகத்தில், இரண்டு வருடப் பணிக்காலத்தைச் சரிபார்த்துக் கையொப்பமிடாமல் விட்டிருந்தார்கள். அது இல்லாமல் கோப்பு சென்னைக்குப் போகாது.

நான் அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து முதல் நினைவூட்டு. பிறகு இரண்டாம் நினைவூட்டு. தன்பதிவேட்டில் தேதி வாரியாகப் பதிந்துகொண்டேன். யார் தணிக்கைக்கு வந்தாலும் என்மேல் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்த அம்மா மாதம் ஒரு தரம் வருவார். பெஞ்சில் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏனுங்க சாமி, அந்தக் காயிதம் வந்துருச்சுங்களா?" என்று கேட்பார்.

"இன்னும் வரலைம்மா. நான் என்ன பண்றது? அவங்க அனுப்பணும்."

"சரிங்க சாமி. அடுத்த மாசம் வாரனுங்க."

இதே பேச்சு பதினோரு மாதம். பத்தாவது மாதத்தில் எனக்குக் கோபமே வந்தது. யார்மேல்? அந்த அலுவலகத்தின்மேல் இல்லை. வந்து வந்து நிற்கிறாரே என்று அந்த அம்மாவின்மேல். "நானும் உங்களை மாதிரிதாம்மா. என் கையில என்ன இருக்கு? என்னைக் கேட்டா?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "உங்களைத் தவிர எனக்கு அங்க யாரையும் தெரியாதுங்களே சாமி" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. நன்றாகத் தூங்கினேன். ஆனால் அடுத்த வாரம் வேறொரு சொந்த வேலையாக அந்த ஊருக்கே போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரம். போன வேலை முடிந்து, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தேன். பணிப்பதிவேட்டின் விவரத்தைச் சொன்னேன். அங்கிருந்த எழுத்தர் பழைய சம்பளப் பட்டியலைத் தேடி எடுத்தார். என் கடிதங்கள் மூன்றும் அதே அலமாரியில் ஒரு கட்டில் இருந்தன. இரண்டு மணி நேரத்தில் சரிபார்த்து, அதிகாரியின் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

பதினோரு மாதம் எங்கே, இரண்டு மணி நேரம் எங்கே!

கோப்பு சென்னைக்குப் போய், உத்தரவும் வந்தது. வாங்கிக்கொள்ள அந்த அம்மா மகனோடு வந்தார். பதினேழு வயதிருக்கும். சட்டையில் கரி. பக்கத்தில் ஒரு பவுண்டரியில் வேலை செய்கிறான் என்றார். "படிக்கலையா தம்பி?" என்று கேட்டேன். "பன்னண்டாவது போனானுங்க. அவிங்க அப்பன் போனதுக்கப்புறம் கையில காசு இல்லீங்க, நின்னுட்டானுங்க" என்றார் அம்மா. பள்ளிக்கூடத்தை விட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று கேட்டேன். ஆறு மாதம் என்றான் பையன்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். கணக்கு எனக்கு எப்போதும் நன்றாக வரும். அக்கவுண்ட் டெஸ்டில்தான் வராது. முதல் நினைவூட்டுக்குப் பதிலாக நான் ஒரு பஸ் ஏறியிருந்தால், அந்தப் பையன் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான்.

அந்த அம்மா பையிலிருந்து முருங்கைக்காய் ஒரு கட்டு எடுத்து மேஜைமேல் வைத்தார். "நீங்க நல்லா இருக்கோணும் சாமி" என்று கும்பிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தாமதமாகிவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. 'தாமதப்படுத்திவிட்டேன் அம்மா, மன்னியுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

தப்பு அந்த அலுவலகத்துடையதுதான். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் தப்பு அவர்களுடையது என்று ஆனதும், செய்ய வேண்டியதும் அவர்களுடையது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். யார் கெடுத்தது என்பது ஒன்று. இனி யார் என்ன செய்வது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதை மூட்டைகட்டி வைத்துவிடுகிறோம். நான் வாழ்க்கை முழுவதும் செய்தது அதுதான். அப்பா கையெழுத்துப் போடவில்லை என்பதற்கும் நான் ராத்திரி உட்கார்ந்து படிக்கவில்லை என்பதற்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 'நான் பாவம்' என்று நினைத்துக்கொண்டிருப்பவன் தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. தான் அடிபட்டவன் என்ற நினைப்பிலேயே இருப்பவனுக்கு, தன் மேஜைக்கு முன்னால் அடிபட்டு நிற்பவர் கண்ணில் படுவதே இல்லை.

போத்தனூரில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. தினமும் சாயங்காலம் நான் ஸ்டேஷன் பக்கம் நடக்கப் போகிறேன். டீக்கடை பெஞ்சில் எங்கள் செட் கூடும். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், 'போத்தனூரைக் கெடுத்துட்டாங்க' என்பதில் வந்து நிற்கும். 1862இலேயே ரயில் வந்த ஊர். கோயமுத்தூருக்கு ரயில் வந்தது அதற்குப் பதினோரு வருடம் கழித்து, 1873இல், அதுவும் இங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டபோது. அப்படிப்பட்ட ஊர் இப்படி ஆகிவிட்டதே என்று எல்லோரும் பெருமூச்சு விடுவோம். டீக்காசு கொடுத்துவிட்டுக் கலைவோம்.

ஆனால் அதே ஸ்டேஷனில், உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்கள் வந்து இறங்கிய ஒரு நாள் உண்டு. 1921 நவம்பர். மாப்பிள்ளைக் கிளர்ச்சி நடந்த சமயம். திரூரில் கைது செய்து வைத்திருந்த நூறு பேரைச் சாமான் ஏற்றும் மூடிய பெட்டி ஒன்றில் அடைத்து, பெல்லாரி சிறைக்கு அனுப்பினார்கள். காற்று போக இருந்த கம்பிவலை வர்ணமும் தூசியும் அடைத்துக் கிடந்தது. வழியில் ஷொரணூரில் வண்டி நின்றது. ஒலவக்கோட்டில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் தண்ணீருக்கும் காற்றுக்கும் கதறினார்கள் என்று பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள். நவம்பர் 20, நள்ளிரவுக்குப் பிறகு, நம் போத்தனூரில்தான் கதவைத் திறந்தார்கள். அங்கேயே ஐம்பதுக்கு மேல் பிணங்கள். பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்து அறுபதைத் தாண்டியது. திரூர் நகராட்சி மண்டபம் இன்றும் அந்தத் துயரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்களிடம் போய், 'உங்கள் பொறுப்பு என்ன' என்று யாராவது கேட்க முடியுமா? கேட்டால் நாக்கு அழுகிவிடும். உலகத்தில் சிலருக்கு நடப்பது முழுக்க முழுக்க அடுத்தவன் செய்வது. அதில் அவர்களுக்குப் பங்கில்லை. 'எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது' என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அடிக்கும் புருஷனோடு வாழும் பெண்ணிடம், 'நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ' என்று சொல்வதும் அந்த வகைதான். பொறுப்பு என்ற பெயரில் பாரத்தைத் தாங்குகிறவன் தலையிலேயே இன்னும் ஏற்றிவைக்கிற பேச்சு அது.

அதே சம்பவத்தில் நான் நினைப்பது பெட்டிக்கு வெளியே இருந்தவர்களை. காவலுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். ஸ்டேஷன்களில் ஆட்கள் இருந்தார்கள். உத்தரவு கொடுத்தவன் ஒருவன், பெட்டி கொடுத்தவன் ஒருவன், பூட்டியவன் ஒருவன், கூடப் போனவன் ஒருவன். எல்லோரிடமும் ஆளுக்கு ஒரு துண்டு வேலை. கதவைத் திறப்பது யாருடைய துண்டிலும் இல்லை. பெட்டியின் வர்ணம் காரணம் என்றால் வர்ணம் பேசாது. என் முருங்கைக்காய்க் கதையை அந்தக் கொடுமையோடு நான் ஒப்பிடவில்லை. ஒப்பிட்டால் பாவம். ஆனால் 'என் கையில என்ன இருக்கு' என்ற வாக்கியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அரசாங்கத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் சொல்கிறேன், இதைவிட ஆபத்தான வாக்கியத்தை நான் எந்தக் கோப்பிலும் படித்ததில்லை.

சரி, உண்மையிலேயே அநியாயம் நடந்தால் என்னதான் செய்வது? வாயை மூடிக்கொண்டு 'என் பொறுப்பு' என்று உட்கார வேண்டுமா? அதுவும் இல்லை. நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தது 1992இல். ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்குப் பாசனம் என்றார்கள். ஆனால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து தேங்கி, அணை சாயத்தொட்டி ஆகிவிட்டது. கிணறு கெட்டது, மண் கெட்டது. (பார்த்தீர்களா, நானே 'கெட்டது' என்று எழுதுகிறேன். கெடுத்தார்கள்.) என் மைத்துனருக்கு அந்தப் பக்கம் நாலு ஏக்கர். தென்னை கண்ணெதிரே பட்டுப்போனது. அவர் பாதிக்கப்பட்டவர்தான், சந்தேகமில்லை.

நானாக இருந்தால் திண்ணையில் உட்கார்ந்து சாகும்வரை புலம்பியிருப்பேன். அவர் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, அட்டத்தில் வரிசையாக வைத்தார். விவசாயிகள் கூட்டம் எங்கே நடந்தாலும் போனார். கூடவே, தண்ணீர் திரும்பி வரும்வரை வயிறு காத்திருக்காது என்று சொல்லி, ஆடு வாங்கிக் கட்டினார். மகளைப் படிக்க வைத்தார். அவரைப் போன்ற ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். ஒன்றல்ல இரண்டல்ல, வருடக்கணக்கில் வழக்கு. கடைசியில் 2011 ஜனவரியில், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதனால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அந்தக் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. போன மண் முழுசாகத் திரும்பிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த விவசாயிகள் இரண்டு கேள்வியையும் தனித்தனியாக வைத்துக்கொண்டார்கள். யார் கெடுத்தது? அதை நீதிமன்றத்தில் சொன்னார்கள், விட்டுக்கொடுக்கவில்லை. இனி நாம் என்ன செய்வது? அதை வீட்டில் செய்தார்கள், தள்ளிப்போடவில்லை. மைத்துனரிடம் ஒரு தரம், "எப்படிங்க மச்சான் இதைத் தாங்கினீங்க?" என்று கேட்டேன். "வயித்தெரிச்சல்தான் மாப்ளை. ஆனா ஆட்டுக்குத் தழை வெட்டோணுமில்ல?" என்றார். அவ்வளவுதான் அவருடைய தத்துவம்.

அப்பா விஷயத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன். அவர் போய் வெகுநாள் கழித்து, அம்மாவிடம் அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். அப்பா மறக்கவில்லையாம், பயப்படவும் இல்லையாம். அந்த ஆறு மாதமும் யோசித்தாராம். அப்போது பாட்டி படுத்த படுக்கை. கையெழுத்துப் போட்டால் என்றைக்காவது ஊரைவிட்டுப் போக வேண்டி வருமோ, அம்மாவை யார் பார்ப்பது என்று நினைத்து, போடுவதில்லை என்று முடிவு செய்தாராம். "அது விட்டுப்போச்சுன்னு நீதான் சொல்லிக்கிட்டிருந்தே. அவர் விட்டாரு" என்றாள் அம்மா.

பாருங்கள், அங்கேயும் ஒரே எழுத்து அளவுதான் வித்தியாசம். அவர் செய்த முடிவை நான் நாற்பது வருடமாக ஒரு விபத்து மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். அவர் இருக்கும்போது ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பாட்டுக்கு மெட்டு போயிருக்குமே!

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு என் வயதுதான் இருக்கும். மகன் போன் செய்வதில்லை, மருமகள் மதிப்பதில்லை, காலம் கெட்டுவிட்டது என்ற பாட்டு நம் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். அதில் பாதி உண்மையாகவும் இருக்கும். நான் சொல்வது ஒன்றுதான். மகன் போன் செய்யாதது அவன் தப்பாகவே இருக்கட்டும். நம் கையிலும் ஒரு போன் இருக்கிறது. நான் போன மாதத்திலிருந்து செய்கிறேன். முதல் இரண்டு தரம் அவனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இப்போது பரவாயில்லை.

பேரன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவின் கதையும், கரிச் சட்டை போட்ட அந்தப் பையனின் கதையும் ஏழு வயதுக்குப் புரியாது. கொஞ்சம் பெரியவனாகட்டும், உட்கார வைத்துச் சொல்வேன். அன்றைக்கு 'தாமதமாகிவிட்டது' என்று சொல்ல மாட்டேன். தாமதப்படுத்தினேன் என்றுதான் சொல்வேன்.

அதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் முதலில் உங்களிடம் சொல்லி வைத்தேன்.